நட்சத்திரப் பொருத்தம்

சிற்றூர்களில் நல்ல வேலையாள் கிடைக்காதது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையின் எரிச்சல் நியாயமானது. மாவட்டத் தலைநகராகக்கூட இல்லாத ஓர் ஊரில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் நாலு பேருக்கு போன் போட வேண்டும். நாலு பேரும் “நாளைக்குக் காலையில வந்துர்றேண்ணே” என்பார்கள். மறுநாள் காலையில் நாலு போனும் அணைந்திருக்கும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. எரிச்சலைக் கொட்டி முடித்த கையோடு கட்டுரையாளர் மருந்துச்சீட்டு எழுத உட்கார்ந்துவிடுகிறாரே, அங்கேதான் தகராறு தொடங்குகிறது.

அவருடைய வாதத்தை அவருக்குக் குறைவில்லாமல் தொகுத்துச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, சிற்றூர்களில் நல்ல வேலையாள் கிடைக்காததற்குக் காரணம் தகவல் இல்லாமை. அந்தக் குறையை இணையம் தீர்த்துவிட்டது. இரண்டு, நட்சத்திரமும் மதிப்புரையும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாற மாட்டார். மூன்று, இன்னமும் இணையத்தில் தன்னைப் பதிந்துகொள்ளாத தொழிலாளி சோம்பேறி. தெரிந்தவர் மூலமாக அவரைத் தேடிப் போகிற நாம் பழமைவாதிகள். முதல் இரண்டும் தவறு. மூன்றாவது தவறு மட்டுமல்ல, திமிரும்கூட.

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு கைபேசியில் ‘பிளம்பர்’ என்று தட்டினால் ஒரு பட்டியல் விரிகிறது. அதை ஊரில் உள்ள நல்ல பிளம்பர்களின் பட்டியல் என்று கட்டுரையாளர் நம்புகிறார். அதைத் தருகிற கூகுளே அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. உள்ளூர்த் தேடலில் யார் முதலில் வருவார் என்பதற்கு அந்நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லும் அளவுகோல்கள் மூன்று: தேடிய சொல்லுக்கு எவ்வளவு பொருத்தம், தேடுகிறவரிடமிருந்து எவ்வளவு தூரம், அந்தத் தொழில் எவ்வளவு பிரபலம். எத்தனை பேர் மதிப்புரை எழுதினார்கள், எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்பதெல்லாம் பிரபலக் கணக்கில் சேரும். ஒட்டிய குழாய் ஆறு மாதம் கழித்தும் ஒழுகாமல் நிற்கிறதா என்பது இந்த மூன்றில் எதிலும் வராது. வருவதற்கு வழியும் இல்லை.

அவர் புகழ்ந்து தள்ளும் இன்னொரு வகை, விளம்பரப் பட்டியல். இதன் இந்திய மூத்தவர் ஜஸ்ட்டயல். வி.எஸ்.எஸ். மணி 1996இல் மும்பையில் தொடங்கியது. போனில் கேட்டால் கடையின் எண்ணைச் சொல்லும் சேவையாக வளர்ந்து, 88888 88888 என்ற எண்ணால் ஊர் ஊராய் அறிமுகமாகி, 2021இல் ரிலையன்ஸ் ரீடெய்ல் கைக்குப் போனது. அதன் முக்கிய வருமானம், பட்டியலில் தாம் முன்னால் தெரிவதற்காக வியாபாரிகள் கட்டுகிற சந்தா. இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை, குற்றமும் இல்லை. மஞ்சள் பக்கங்கள் காலத்திலிருந்தே கொட்டை எழுத்தில் பெயர் வரக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். காசு கொடுத்து வாங்கிய இடத்தைத் தரச்சான்றாக வாசகர் தலையில் கட்டுவதுதான் குற்றம்.  அதை நம் கட்டுரையாளர் செய்திருக்கிறார், அதுவும் இலவசமாக.

சிற்றூரில் இந்தப் பட்டியலுக்குள் யார் இருக்கிறார்கள் என்று அவர் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம். பிளம்பர் என்று தேடினால் ஹார்டுவேர் கடைகள் வரும். குளியலறைச் சாமான் ஷோரூம்கள் வரும். முழு வீடு கட்டித்தரும் கான்ட்ராக்டர்கள் வருவார்கள். எங்கோ ஒரு பெருநகரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வோர் ஊர்ப் பெயருக்கும் ஒரு பக்கம் தயாரித்து வைத்திருக்கும் நிறுவனங்கள் வரும். அங்கே எண்ணைக் கொடுத்தால் ஒரே மணி நேரத்தில் பல ஊர்களிலிருந்து போன் வரும், ஆள் மட்டும் வராது. உண்மையில் நமக்கு வேண்டிய மனிதருக்குக் கடையே கிடையாது. டிவிஎஸ் எக்ஸெல்லில் பைப் ரெஞ்சையும் ஹேக்ஸா பிளேடையும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர் அவர். வரைபடத்தில் குத்துவதற்கு அவருக்கு ஒரு புள்ளி இல்லை.

இது பிளம்பரோடு முடிகிற கதையும் அல்ல. செட்டிநாட்டுப் பழைய வீடு ஒன்றில் மாடித் தளம் ஒழுகுகிறது என்று வையுங்கள். தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட தளம். சிமென்ட் வேலை மட்டும் தெரிந்த கொத்தனார் அதில் கைவைத்தால் இரண்டாவது மழைக்கே பிளந்துகொள்ளும். செங்கல்தூளான சுர்க்கி போட்டு இடித்து, தட்டோடு பதித்து, சுண்ணாம்புப் பூச்சு பூசத் தெரிந்த ஆள் வேண்டும். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடியின்மேல் கையால் வார்த்தெடுக்கத் தெரிந்தவர்களும் அதை அளவு பிசகாமல் பதிக்கத் தெரிந்தவர்களும் அந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். தேடுபொறிக்கு இவர்கள் எல்லோரும் ‘கொத்தனார்’ என்ற ஒரே சொல். ஊர்க்காரருக்கு இவர்கள் நாலு வேறு தொழில்கள். எந்தக் கையை எந்த வேலைக்குக் கூப்பிட வேண்டும் என்று சொல்லத் தெரியாத ஒரு பட்டியல் தகவல் பஞ்சத்தைத் தீர்த்துவிட்டது என்று எழுத அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

பட்டியலில் இருப்பதாவது உண்மையா? போலி முகவரிகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 2019 ஜூனில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் கூகுள் வரைபடத்தில் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் போலித் தொழில் முகவரிகள் இருக்கும் என்ற மதிப்பீட்டை வெளியிட்டது. அந்த எண்ணிக்கையோடு கூகுள் உடன்படவில்லை. ஆனால், 2018இல் மட்டும் 30 லட்சத்துக்கு மேற்பட்ட போலி முகவரிகளை நீக்கியதாக அதுவே சொன்னது. இந்த மோசடிக்கு மிகவும் இரையான தொழில்கள் எவை தெரியுமா? பூட்டுத் திறப்பவர், பிளம்பர் போன்றவைதான். அவசரத்தில், யோசிக்க நேரமில்லாமல், முதலில் கண்ணில் படும் எண்ணுக்கு நாம் போன் போடுகிற தொழில்கள். 2025 மார்ச்சில் கூகுள், போலி முகவரிகளை உருவாக்கி விற்றதாக ஒரு கும்பல்மீது வழக்கே தொடர்ந்தது. டெக்சாஸில் பூட்டுத் தொழில் செய்யும் ஒரு நிறுவனம், தன் பெயரில் வேறொருவர் கடை விரித்திருப்பதாகப் புகார் செய்ததில் தொடங்கிய விசாரணையில் 10,000க்கு மேற்பட்ட போலிகள் சிக்கின.

அமெரிக்காவில் கதவு பூட்டிக்கொண்டவர் மாட்டுகிறார். நம் ஊரில் வாஷிங்மெஷின் நின்றுபோனவர் மாட்டுகிறார். கம்பெனிக்கு நேரடி சர்வீஸ் மையம் மாவட்டத் தலைநகரில் இருக்கும். வீட்டுக்காரர் கம்பெனி பெயரோடு ‘சர்வீஸ் சென்டர்’ என்று சேர்த்துத் தேடுவார். கம்பெனி மாதிரியே பெயரும் படமும் போட்ட ஒரு தனியார் எண் முதலில் வரும். வந்தவர் மெஷினின் நல்ல சர்க்யூட் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்ப் பழைய பலகையை மாட்டினார் என்பது இதில் சிறிய நஷ்டம். வாடிக்கையாளர் சேவை எண் என்று நினைத்து மோசடிக்காரருக்கே போன் போட்டு, அவர் சொன்ன செயலியைக் கைபேசியில் ஏற்றி, வங்கிக் கணக்கைக் காலி செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். திரையைப் பகிரும் எனிடெஸ்க் போன்ற செயலிகள் வழியாகப் பணம் பறிபோகிறது என்று ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. இணையக் குற்றங்களுக்கு 1930 என்று தனி உதவி எண்ணே வைக்க வேண்டியதாயிற்று. இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும் நாட்டில், இணையத்தில் பார்த்துக் கூப்பிட்டால் ஏமாற மாட்டீர்கள் என்று ஒருவர் அச்சில் எழுதுகிறார்.

இனி நட்சத்திரம். மாநகரத்து அழகுநிலையத்துக்கு 400 பேர் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள், ஒருவர் கோபத்தில் ஒன்று போடுகிறார், சராசரி 4.99. சிற்றூர் எலக்ட்ரீஷியனுக்கு நாலு பேர் ஐந்து போட்டிருக்கிறார்கள், ஐந்தாவது ஆள் ஒன்று போடுகிறார், சராசரி 4.2க்கு விழுகிறது. அந்த ஐந்தாவது ஆள் கூலியில் தகராறு செய்தவரா, போட்டிக்கடைக்காரரின் மச்சானா என்று யாருக்குத் தெரியும்? இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் சராசரி என்பதற்கே பொருள் கிடையாது. மாநகரத்துக் கணக்கை அப்படியே தூக்கிவந்து சிற்றூரில் இறக்குவதற்குமுன் பள்ளிக்கூடக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்த்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய கோளாறு, சிற்றூரில் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள் என்பது. பிளம்பரின் மகள் உங்கள் மகளோடு ஒரே வகுப்பில் படிக்கிறாள். அவருடைய தம்பிதான் உங்கள் தெருவுக்குக் கேபிள் இணைப்புக் கொடுத்தவர். கோயில் திருவிழாக் கமிட்டியில் அவர் மாமா இருக்கிறார். சொந்தப் பெயரில் இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டு நாளைக்கு யார் முகத்தில் விழிப்பீர்கள்? வேலை முடிந்ததும் அவரே கைபேசியை நீட்டி “அண்ணே, ஒரு அஞ்சு ஸ்டார் போட்டு விடுங்க” என்பார், நாமும் போட்டுவிடுவோம். அந்த ஐந்து நட்சத்திரம் தாட்சண்யத்துக்குப் போட்டது, தரத்துக்கு அல்ல. அதே மனிதரைப் பற்றி டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். “ஆள் நல்ல ஆள்தான், வேலை சுத்தம். ஆனா அட்வான்ஸ் மட்டும் கொடுத்துராதீங்க” என்று ஒரே மூச்சில் உண்மை முழுதும் வந்துவிடும். சிற்றூரில் நல்லது எழுத்தில் வரும், கெட்டது வாயில்தான் வரும். கட்டுரையாளர் எழுத்தைப் படித்துவிட்டு வாயை மூடச் சொல்கிறார்.

காலக்கணக்கும் இடிக்கிறது. மதிப்புரை எழுதுகிறவர் வேலை முடிந்த அன்றோ மறுநாளோ எழுதுகிறார். தளத்துக்கு நீர்க்கசிவுப் பூச்சு சித்திரையில் பூசப்படுகிறது. அதன் லட்சணம் ஐப்பசி மழையில்தான் தெரியும். சுவருக்குள் புதைத்த வயரில் கள்ளத்தனம் செய்திருந்தால், ஏசி போட்ட முதல் கோடையில் அது சூடேறிக் காட்டிக்கொடுக்கும். கழிவுக்குழாய்க்கு வாட்டம் சரியாகக் கொடுக்காத வேலை, வீட்டில் விசேஷம் வைத்து நாற்பது பேர் கூடும்போது தன்னை அறிவித்துக்கொள்ளும். நம்பகம் தெரியவரும் நாளுக்கும் நட்சத்திரம் போடும் நாளுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி. ஆறு மாதம் கழித்துப் பழைய பக்கத்தைத் தேடிப் போய்த் திருத்தி எழுதுகிறவர் எத்தனை பேர்?

இணைய மதிப்புரைகளின் யோக்கியதை நம் அரசுக்கும் தெரியும். போலி மதிப்புரைகளைக் கட்டுப்படுத்த இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000:2022 என்று ஒரு தரநிலையே கொண்டுவந்தது. எழுதியவர் யார் என்று சரிபார்ப்பது, காசுக்கு எழுதியதை விலக்குவது எல்லாம் அதில் உண்டு. ஆனால் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது வந்தது. ஒரு பொருளுக்குக் கலப்படத் தடுப்புத் தரநிலை தேவைப்படுகிறது என்றால் சந்தையில் கலப்படம் இருக்கிறது என்று அர்த்தம். கட்டுரையாளர் அந்தச் சரக்கைத்தான் சுத்தத் தங்கம் என்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நோயையே அவர் தவறாகப் பார்த்திருக்கிறார். சிற்றூரில் குறைவது தகவல் அல்ல, ஆள். ஐடிஐயில் இரண்டு வருடம் எலக்ட்ரீஷியன் படித்து வெளியே வரும் பையன் ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கோயம்புத்தூருக்கும் போகிறான், இல்லையென்றால் வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறான். ஊரில் மிஞ்சும் நாலைந்து நல்ல கைகளுக்கு வேலை குவிந்து கிடக்கிறது. சப்மெர்சிபிள் மோட்டாருக்கு நன்றாகக் காயில் கட்டுகிறவர் போனை எடுக்காததற்குக் காரணம், ஊரே அவருக்கு போன் போட்டுக்கொண்டிருப்பதுதான். அவருக்கு எதற்கு விளம்பரம்? கைநிறைய வேலை இருப்பவர் பட்டியலுக்கு வரத் தேவையில்லை. வேலை தேடுகிறவர்தான் வருவார். அவர்களில் புதிதாகத் தொழிலுக்கு வந்த கெட்டிக்கார இளைஞர்களும் உண்டு, ஒரு வீட்டில் ஒரு முறைக்குமேல் நுழைய முடியாதவர்களும் உண்டு. இரண்டு பேரையும் பிரித்துக் காட்டும் கண் அந்தப் பட்டியலுக்கு இல்லை.

பெரிய செயலிகள் நாளை நம் ஊருக்கும் வரும், அதுவரை பொறுங்கள் என்று அவர் ஆறுதல் சொல்கிறார். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அர்பன்கிளாப் (இன்றைய அர்பன் கம்பெனி) 2014இல் தொடங்கிய காலத்தில் இதே தொழிலில் குதித்தவர்கள் பலர். மும்பையின் டாஸ்க்பாப் 2017 ஜனவரியில் கடையை மூடியது. மும்பையிலேயே அதற்குக் கட்டுப்படியாகவில்லை. ஒரு வேலையாளுக்கு ஒரே வட்டாரத்தில் ஒரு நாளைக்குப் பல வேலைகள் கிடைத்தால்தான் செயலிக்குக் கணக்கு நேராகும். அதோடு, முதல்முறை செயலி வழியாக வந்தவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டாம் முறை நேரடியாகக் கூப்பிடுவது மனித இயல்பு. மாநகரத்திலேயே இந்த ஓட்டையை அடைக்க முடியாமல் திணறுகிறார்கள். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த பட்டுக்கோட்டையிலும் சங்கரன்கோவிலிலும் கமிஷன் கட்டிக்கொண்டு எவர் இருப்பார்?

தப்பித்து நிலைத்த அர்பன் கம்பெனியில் நட்சத்திரம் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2021 அக்டோபரில் குருகிராமில் அதன் அழகுக்கலைப் பெண்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்து போராடினார்கள்: அதிகக் கமிஷன், அபராதம், மதிப்பெண்ணை வைத்து மிரட்டல். அந்த ஆண்டு டிசம்பரில் மறுபடியும் போராட்டம் வந்தபோது நிறுவனம் தன் தொழிலாளர்களுக்கு எதிராகவே நீதிமன்றம் போனது. மதிப்பெண்ணைக் காட்டிக் கணக்கை முடக்குவதை எதிர்த்து 2023இலும் பல நகரங்களில் போராட்டங்கள் நடந்தன. வாடிக்கையாளருக்கு வழிகாட்டி என்று நாம் நினைத்த நட்சத்திரம் அங்கே தொழிலாளியின் முதுகில் சாட்டையாக இறங்கியது. அந்தச் சாட்டை நம் ஊருக்கு இன்னும் வரவில்லையே என்று ஏங்குகிறார் கட்டுரையாளர்.

இதையெல்லாம் விட்டுத்தள்ளினாலும், தொழிலாளியைச் சோம்பேறி என்ற அந்த ஒரு பத்தியை விட முடியாது. எந்த உலகத்தில் இருந்துகொண்டு எழுதுகிறார்? சிற்றூர் பிளம்பர் ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்த்திருக்கிறாரா? நேற்று முடித்த குளியலறை, இன்று மாட்டிய பிரஷர் பம்ப், எல்லாம் பாட்டோடு ஓடும். அவர் எக்ஸெல் வண்டியின் டேங்கில் யுபிஐ கியூஆர் ஒட்டியிருக்கிறது. தெரியாத புது மாடல் ஹீட்டரை யூடியூப் பார்த்துப் பிரிக்கிறார். விசாரணைக்கு எழுத்தில் பதில் போடுவதில்லை. தண்ணீர்த் தொட்டிமேல் நின்றுகொண்டு குரல்செய்தி அனுப்புகிறார். கட்டுரையாளர் பார்க்கிற இரண்டு மூன்று பட்டியல்களில் இல்லை என்பதற்காக அவர் இணையத்திலேயே இல்லை என்று முடிவுகட்டுவதா? பட்டியலில் சேர்ந்து பார்த்தவர்களுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் சந்தா கட்டச் சொல்லும் விற்பனைப் போன்கள். பிளம்பர் அதிலிருந்து விலகி நிற்பது தொழில் தெரிந்த முடிவு, சோம்பல் இல்லை.

கட்டுரையில் வலுவான இடம் ஒன்று உண்டு. தெரிந்தவர் வழியாக ஆள் பிடிக்கும் பழக்கம் எல்லோருக்கும் சமமாக உதவுவதில்லை என்கிறார். உண்மை. மாற்றலாகி வந்த வங்கி ஊழியருக்கும், தனியாக வீடெடுத்திருக்கும் ஆசிரியைக்கும் டீக்கடை தகவல் தராது. யார் வீட்டு அடுக்களை வரை யார் போகலாம் என்பதில் ஊர்க்கட்டும் சாதியும் இன்னமும் மூக்கை நுழைக்கின்றன. எலக்ட்ரிக்கல்ஸ் கடைக்காரர் சிபாரிசு செய்யும் ஆள் அவர் கடையில் சாமான் எடுப்பவராகத்தான் இருப்பார்; அதில் கடைக்காரருக்கு ஆதாயம் உண்டு. இதையெல்லாம் மறுக்கிறவன் ஊரில் வாழாதவன்.

ஆனால் பட்டியல் இதைச் சரிசெய்கிறதா? பெயரும் படமும் போட்ட பக்கத்தைப் பார்த்துச் சாதியையும் மதத்தையும் ஊகிக்க நம் ஆட்களுக்கு எவ்வளவு நேரமாகும்? தனியாக இருக்கும் பெண்ணுக்கு இந்தக் கட்டுரை தருகிற யோசனை அபாயகரமானது. வரைபடத்தில் ஒரு முகவரி ஏறுவதற்கு நடக்கும் சரிபார்ப்பு, அந்தத் தொழில் இருக்கிறது என்பதற்கான சரிபார்ப்பு. கதவைத் தட்டப்போகும் ஆள் எப்படிப்பட்டவர் என்று அதில் யாரும் விசாரிப்பதில்லை. டீக்கடை சிபாரிசில் வந்தவரைப் பற்றிக் கேட்கக் குறைந்தபட்சம் ஒரு டீக்கடைக்காரர் இருக்கிறார். கடைக்காரர் ஆதாயத்துக்காகவே சிபாரிசு செய்தாலும், வேலை கெட்டால் கடை வாசலில் போய் நின்று கத்தலாம். அவர் கடனில் சாமான் கொடுப்பவர் என்பதால் வேலையாள் அவர் பேச்சைத் தட்ட மாட்டார். நம்பகம் என்று நாம் சொல்வது இதைத்தான். வேலை தவறினால் பிடித்துக் கேட்க ஓர் ஆள், ஓர் இடம், கேட்டால் அசையக் காரணம். கட்டுரை முழுக்க ‘நம்பகம்’ என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் கட்டுரையாளர் சொல்வது, கண்ணில் படுவதை.

பிடித்துக் கேட்பதற்கான ஏற்பாடு ஊர்ப்பழக்கத்துக்கு வெளியிலும் இருக்கிறது. அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை. பல்பு, ஃபேன், ஃபியூஸ் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் தவிர, வீட்டு மின் இணைப்பில் கைவைக்கும் எந்த வேலையையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில், செய்ய வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. 2010இல் வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்ட விதிகள் அவை. அந்த உரிமத்தையும் தகுதிச் சான்றையும் தர, தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் என்று ஓர் அமைப்பே இருக்கிறது. ஒயர்மேனுக்குத் தேர்வு உண்டு, சான்று உண்டு, தப்புச் செய்தால் பறிக்கவும் வழி உண்டு. எலக்ட்ரீஷியனைத் தேர்ந்தெடுப்பது பற்றி அத்தனை பக்கம் எழுதியவர், ‘சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்’ என்று ஒரு வரி எழுதவில்லை. நட்சத்திரத்தை எண்ணச் சொன்னார்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994இலிருந்து இருக்கிறது. கொத்தனார், தச்சர், பெயின்டர், பிளம்பர் என்று தொழில்வாரியாக அதில் பதிவு நடக்கிறது. அட்டை இருக்கிறது, முகவரி இருக்கிறது. செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் 14420 என்ற உதவி எண் இருக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் மனிதரைக் குழிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதும் இருக்கிறது. ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஓர் ஆள் குறைந்த காசுக்கு இரண்டு பேரை உள்ளே இறக்கினால், மதிப்புரையில் ‘வேகமான சேவை’ என்றுதான் விழும். வாடிக்கையாளரின் திருப்தி ஒன்றை மட்டும் அளக்கிற கருவிக்கு ஓர் உயிர் கணக்கில் வராது.

இணையம் செய்யக்கூடிய உருப்படியான வேலை இங்கே கிடக்கிறது. இந்த உரிமப் பதிவேடுகளை ஊர்வாரியாக, தொழில்வாரியாக, தமிழில், சாதாரணக் கைபேசியில் நொடியில் பார்க்கும்படி செய்ய வேண்டும். சான்று எண்ணைத் தட்டினால் அது செல்லுபடியாகிறதா என்று தெரிய வேண்டும். பதிவுக்கு விருப்பமுள்ளவர் மட்டும் பொதுவில் வரட்டும். எண்ணை விற்பவர்கள் நுழையக் கூடாது. நகராட்சி அலுவலகச் சுவரிலும் அந்தப் பட்டியல் தொங்கட்டும். இதற்காகக் கோரிக்கை எழுப்பியிருந்தால் நானும் அவர் பின்னால் நின்றிருப்பேன்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது உண்டு. இணையப் பட்டியலைப் போன் நம்பர் எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்புக்கு வேண்டாம். வீட்டுச் சாதனங்களுக்கு எண் வேண்டுமென்றால் தேடாமல், உத்தரவாத அட்டையில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பாருங்கள். புது ஆளென்றால் சின்ன வேலையை முதலில் கொடுங்கள். போன மழைக்குமுன் அவர் வேலை செய்த ஒரு வீட்டைக் கேட்டு, அந்த வீட்டுக்காரரிடம் பேசுங்கள். சாமானை உங்கள் பெயரில் பில்லோடு எடுங்கள். கூலியில் ஒரு பகுதியை, தண்ணீர் விட்டு மின்சாரம் கொடுத்துப் பார்த்த பிறகு கொடுங்கள். வயரிங் என்றால் சான்றைக் கேளுங்கள். மின்கசிவில் இணைப்பைத் துண்டித்து உயிர்காக்கும் ஆர்சிசிபியை மாட்டச் சொல்லி, அதன் சோதனைப் பொத்தானை உங்கள் கண்முன் அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். வந்தவர் இதற்கு முகம் சுளித்தால், அவர் பக்கத்தில் எத்தனை நட்சத்திரம் மின்னினாலும் அனுப்பிவிடுங்கள். நன்றாகச் செய்தால் கூலியில் பேரம் பேசாமல் கொடுங்கள்; நல்ல கை ஊரில் தங்குவதற்கு நம்மால் ஆனது அதுதான்.

கட்டுரையாளர் மறுமொழி எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். எழுத உட்காரும்முன், தாம் சிபாரிசு செய்யும் பட்டியல் நிறுவனங்களின் விதிமுறைப் பக்கங்களை, யாரும் படிக்காத அந்தப் பொடி எழுத்துகளை, ஒரு முறை படித்துவிட வேண்டும். தாங்கள் எண்ணைக் காட்டும் இடைத்தளம் மட்டுமே, பட்டியலில் உள்ளவரின் வேலைக்கோ அதனால் விளையும் சேதத்துக்கோ பொறுப்பில்லை என்ற பொருள்பட அங்கே எழுதி வைத்திருப்பார்கள். அந்த நிறுவனங்களே ஏற்க மறுக்கும் பொறுப்பை எந்தத் தைரியத்தில் அவர்கள் சார்பாக இவர் வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்தார் என்பதை மட்டும் அந்த மறுமொழியில் விளக்கட்டும்.